கரும்பொருள் கூடும் கட்ரீனாவின் காதுக் கருவியும்

விண்மீன் மண்டலத்தின் ஓரத்தில் வாயுவின் வேகம் திடீரென எகிறியிருந்தது. வானியல் ஆய்வாளர் டாக்டர் சொலேக்கா மேசையை ஓங்கிக் குத்தினாள்.

ஓரத்து வாயு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ, அவ்வளவு கரும்பொருள் கண்ணுக்குத் தெரியாத கூடாக அதைச் சூழ்ந்திருக்கிறது என்பது கணக்கு. செவ்வாய்க்கிழமைப் பதிவுக்கு ஒரு கூடு போதவில்லை. கணக்கில் கூட்டுக்கு மேல் கூடு கட்டினாள். திங்கட்கிழமை கேப்டவுன் மாநாட்டில் இதைக் காட்டியாக வேண்டும். காட்டினால் ஊரே சிரிக்கும்.

"எவனோ தொலைநோக்கிக்குப் பக்கத்துல செல்போனை ஒளிச்சு வச்சிருக்கான்!"

வானொலித் தொலைநோக்கிகள் நிற்கும் கரூ பொட்டலில் அது கொலைக் குற்றத்துக்குச் சமம். பெட்ரோல் வண்டிகூட நுழையக்கூடாது. அதன் தீப்பொறி வானொலி அலைகளைக் கெடுத்துவிடும். செவ்வாயன்று அங்கே வெள்ளோட்டம் பார்த்த, வானொலி இரைச்சலைக் கண்டுபிடிக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வியாழன் காலை டீசல் ஜீப்பில் வந்து இறங்கினாள். வாசல் காவலர் கெர்ட் நேரத்தை நோட்டில் குறித்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

சமையலறையில் சமையல்காரி கட்ரீனாவின் அருகே பெட்டி அலறியது.

"கட்ரீனாக்கா, காதுல என்ன?"

"காதுக் கருவி, டாக்டரம்மா. இது இல்லேன்னா நீங்க திட்டுறது எனக்கு விழாதே."

"கழட்டுங்க!"

கட்ரீனா கழற்றினாள். அப்போதும் பெட்டி அலறியது. குளிர்பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினார்கள். ஒரு வாரத்து ஆட்டுக்கறி நாறியதே தவிர அலறல் நிற்கவில்லை. வெளியே வந்தால், மேய்ந்துகொண்டிருந்த ஆட்டைப் பார்த்தும் அலறியது.

"போனை முழுங்கியிருக்கும்" என்றாள் சொலேக்கா. அவள் சிரிக்கவில்லை.

அன்றைய பதிவில் வேகம் இரட்டிப்பு. மூன்றாவது கூடு கட்டினாள். வெள்ளிக்கிழமை காலை, பெட்டியை முழுத் திறனில் வைத்து ஒவ்வொரு தொலைநோக்கியையும் மும்முறை வலம் வந்தாள். அன்றைய பதிவில் ஓரத்து வாயு ஒளியையே முந்தியது.

மாலையில் எல்லோரையும் வாசலில் நிறுத்தினாள்.

"செவ்வாய் பத்து மணி, வியாழன் ஒன்பது, இன்னைக்கு எட்டு. மூணு தடவையும் இரைச்சல்! யாரு உள்ளே கொண்டு வந்தது? உண்மையைச் சொல்லலேன்னா ஒருத்தருக்கும் வேலை இருக்காது!"

கருவி இல்லாததால் காது கேளாத கட்ரீனா மரியாதையாகத் தலையாட்டினாள். "ஆமாம்மா, ஆமாம்."

கெர்ட் நோட்டைப் புரட்டினார். தொப்பியைக் கழற்றினார்.

"தப்பு என்னோடதுதான், டாக்டரம்மா. அந்த மூணு நேரத்துலயும் உங்க பெட்டிக்கு நான்தான் கதவைத் திறந்து விட்டிருக்கேன்."