செத்தநேரம் சாரின் துப்பாக்கி

திண்டுக்கல் ஜில்லாவிலேயே துப்பாக்கி லைசென்ஸ் வைத்துக்கொண்டு எறும்புக்கு வழிவிட்டு நடந்த ஒரே மனிதர் எங்கள் செத்தநேரம் சார்தான். எங்கள் பள்ளிக்கூடத்தின் டிராயிங் மாஸ்டர். எதைக் கேட்டாலும் “செத்த நேரம் பொறுங்க” என்பார். அந்தச் செத்த நேரம் சில சமயம் ஒரு முழுப் பருவம்கூட நீளும். பள்ளி மணி அடித்த பிறகும் ஜன்னல் வழியாக மலைக்கோட்டைக்கு மேலே போகும் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் அப்போது அங்கே புதிதாகச் சேர்ந்த வாத்தியார். அவருடன் டீ குடிக்கப் போனால் டீ ஆறிவிடும்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் அவருடைய பெரியப்பா காலமானார். குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு மானாவாரி நிலமும், பயிர்க்காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கிய ஒரு பழைய துப்பாக்கியும் சாருக்கு வந்து சேர்ந்தன. தோட்டா போடுகிற சாதி இல்லை அது. குழல் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, துணி சுற்றிய ஈயக் குண்டைக் கம்பியால் இடித்து இறக்க வேண்டும். விசையை இழுத்தால் சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கும். பக்கத்துக் கிண்ணியில் இருக்கும் மருந்து பற்றி, அதன்பின் உள்ளே இருப்பது வெடிக்கும். சுடுவதற்குள் இத்தனை காத்திருப்பு இருப்பது தெரிந்ததும் சாருக்கு அதன்மேல் காதல் வந்துவிட்டது.

நிலத்தில் கடலை போட்டிருந்தார்கள். அதைக் காட்டுப்பன்றிகள் கிளறித் தின்றன. சார் துப்பாக்கியை எடுத்தார், படம் வரைய.

“ஒரு பொருளப் புரிஞ்சுக்கணும்னா மொதல்ல அத வரையணும் தம்பி” என்றார் என்னிடம்.

பக்கவாட்டில், மேலிருந்து, குழலுக்குள் சுற்றி ஓடும் முறுக்கு வரிகள் என்று வரைந்துகொண்டே இருந்தார். படங்கள் முடிந்தபோது கடலையும் முடிந்திருந்தது.

அடுத்த வெள்ளாமையில் டெல்லி குறுக்கே வந்தது. அந்த நாட்களில் அங்கே ஆட்சி கவிழ்ந்துகொண்டே இருந்தது. தேர்தல் என்றால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். சார் அதைப் பழைய போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் படுக்கவைத்துக் கொண்டுபோனார். ஏட்டையா ரசீது எழுதியபடி, “இத வெச்சு யாரையும் மிரட்டக்கூட முடியாதே சார்” என்றாராம். சார் ரொம்ப வருத்தப்பட்டார்.

அதற்கடுத்த முறை சாரின் மனைவி முடிவாகச் சொல்லிவிட்டார். அவர் வேறொரு பள்ளியில் கணக்கு டீச்சர். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

“இந்த வெள்ளாமையும் பன்னிக்குத்தான்னா நெலத்த வித்துருவோம். தரகர்கிட்டச் சொல்லியாச்சு.”

சாருக்கு முகம் தொங்கிப்போனது. அந்த நிலத்தில் சாயங்கால வெளிச்சம் வேறெங்கும் இல்லாத மாதிரி விழும் என்பது அவர் எண்ணம். அதை டீச்சரம்மாவிடம் சொல்ல அவருக்குத் தைரியம் கிடையாது, என்னிடம்தான் சொல்வார்.

அதனால் இம்முறை முறைப்படி ஆரம்பித்தார். புது மொபெட் வாங்கினால் மந்திரிக்காமல் ஓட்டுவோமா? துப்பாக்கி, குண்டு, மருந்து டப்பா எல்லாவற்றையும் மாதா கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பங்குச்சாமியார் முன்னால் பரப்பினார். எங்கள் சாமியாருக்குத் தாராள மனசு. லாரிக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தால் டிரைவரும் நனைந்துதான் போவார். சார் டப்பாவின் மூடியைத் திறந்தே வைத்திருந்தார்.

“மூடியிருந்தா ஆசீர்வாதம் எப்பிடிங்க ஃபாதர் உள்ள போகும்?”

தீர்த்தம் நன்றாகவே உள்ளே போனது. அன்று சாயங்காலம் நிலத்தில் விசையை இழுத்தார். பொறி பறந்தது, அவ்வளவுதான். மருந்து கேப்பைக் களி மாதிரி ஆகியிருந்தது. பன்றிகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கடலைக்குக் குனிந்தன.

மறுநாள் மொட்டைமாடியில், வத்தலுக்குப் பக்கத்தில், முறத்தில் கரிமருந்து காய்ந்தது. “அடுப்படிப் பக்கம் கொண்டாந்தீங்க, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்” என்று கீழேயிருந்து டீச்சரம்மா குரல் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சரம்மாவும் எங்களோடு வந்தார். விற்பதற்குமுன் ஒருதரம் பார்த்துவிடலாம் என்றார். மூவரும் வரப்பில் நின்றோம். மஞ்சள் வெயில் கடலைச் செடிகளின் மேல் படுத்திருந்தது. சார் மருந்தைக் கொட்டினார், குண்டை இறக்கினார், கிண்ணியில் ஒரு சிட்டிகை தூவினார், எல்லாம் படத்துக்கு வர்ணம் தீட்டும் நிதானத்தில். ஓடைப் பக்கத்துக் கருவேல முள்ளிலிருந்து பன்றிகள் வந்தன.

“சுடுங்க” என்றார் டீச்சரம்மா மெதுவாக.

“செத்த நேரம். அந்த வெளிச்சம் எறங்கட்டும்.”

“வெளிச்சத்தையா சுடப்போறீங்க?”

சார் விசையை இழுத்தார். கிண்ணி புஸ்ஸென்றது. பிறகு ஒன்றுமில்லை. நான் மனசுக்குள் நிலத்தை விற்றுவிட்டேன். அப்போதுதான் அது வெடித்தது. அந்தச் சமவெளி முழுவதும் ஒருதரம் குலுங்கியது போலிருந்தது. குண்டு எங்கே போனதென்று தெரியவில்லை. பன்றிகளும் எங்கே போயின என்று தெரியவில்லை. வெள்ளைப் புகை கலையாமல் செடிகளுக்கு மேல் நின்றது, அதற்குள் பொன்னிறமாக வெயில் இறங்கியது. சார் வாயைத் திறந்தபடி நடுவில் நின்றார்.

பின்னால் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினேன். டீச்சரம்மா வரப்பில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இன்னொருக்கா வெடிங்க.”

“பன்னிதான் ஓடிருச்சே.”

“பன்னிக்கா கேக்குறேன்?”

மறுநாள் தரகர் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். டீச்சரம்மா வாசலிலேயே அவரை நிறுத்தி, “நெலம் விக்கிறதா இல்லண்ணே. எங்க வீட்டுக்காரருக்கு அங்க வேல இருக்கு” என்றார்.

பன்றிகள் சில நாளில் திரும்பி வந்துவிட்டன. கடலையில் பாதி அந்த வருடமும் அவற்றுக்குத்தான் போனது. டீச்சரம்மா அதற்குக் கணக்குப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வெள்ளாமையிலும் இருவரும் பஸ் ஏறிப் போனார்கள், நடுவில் துப்பாக்கியைப் பிள்ளை மாதிரி உட்காரவைத்துக்கொண்டு. எனக்கு அந்த மனிதர்மேல் எவ்வளவு பிரியம் என்பதைச் சொல்ல வாய்த்ததில்லை. கூப்பிடாமலேயே நானும் அந்தப் பஸ்ஸில் ஏறிக்கொள்வேன்.