நேராக வந்து தப்பாக விழுந்த பந்துகள்

சென்னைக்கு மேற்கே கோல்ஃப் மட்டையைத் தொட்ட எவருடைய குறையும் கூண்டு என்பவரின் கண்ணிலிருந்து தப்பியதில்லை. மனைவிக்குத் தெரியாத குறை, மருத்துவருக்குப் பிடிபடாத குறை, மட்டையைப் பிடித்தவருக்கே தெரியாத குறை, எல்லாம் அவருக்குத் தெரியும். இத்தனைக்கும் அவர் வாழ்நாளில் ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை. அடித்த பந்தைப் பொறுக்குவதுதான் அவர் வேலை.

கரையான்சாவடியைத் தாண்டி, சாலையிலிருந்து உள்ளே தள்ளி அந்தப் பயிற்சி ரேஞ்ச் இருந்தது. குழிகளும் குளங்களும் கொண்ட பெரிய மைதானம் என்று நினைத்துவிடாதீர்கள். சிமெண்டுத் தரையில் வரிசையாகப் பன்னிரண்டு பச்சை மேட் விரிப்புகள் பதித்திருக்கும். அதில் நின்று எதிரே உள்ள வெட்டவெளியில் பந்தை அடித்துப் பழகலாம். நூற்றைம்பது மீட்டர் தள்ளி ஒரு சிவப்புக் கொடி. அவ்வளவுதான். பந்துகளை அள்ள ஒரு பழைய ஆட்டோ உண்டு. முன்னால் உருளை பூட்டி, சுற்றிலும் இரும்பு வலை அடித்திருப்பார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவரின் பெயரை யாரும் கேட்டதில்லை. வண்டியும் கூண்டு, ஆளும் கூண்டு.

பக்கத்தில் நின்று பார்த்து, மட்டை வீசுவதில் குறை சொல்பவர்கள் எங்கும் உண்டு. கூண்டு, பந்து வந்து விழுகிற பக்கத்திலிருந்து பார்ப்பவர். "அடிக்கிற ஆளு பொய் சொல்வாம்மா. வுழுற பந்து சொல்லாது" என்பார்.

வலப்புறம் வளைந்தோடும் பந்தைப் புத்தகங்கள் ஸ்லைஸ் என்கின்றன. கூண்டுக்கு அது அரிவாள். இடப்புறம் சுருட்டிக்கொண்டு போவது கொக்கி. தரையோடு உருள்வது தரைச்சக்கரம். பலமாக அடித்தும் பாதித் தூரத்தில் உயிரை விடுவது நமுத்த வெடி. வருகிறவர்களையும் நோயின் பெயரால்தான் கூப்பிடுவார். "இன்னா கொக்கி சார், நாலு நாளா ஆளையே காணோம்?" கொக்கி சார் ஒரு பெரிய நிறுவனத்தில் உயர் அதிகாரி. அவரும் மரியாதையாக நின்று பதில் சொல்வார்.

முகப்பேரிலிருந்து ஒரு பல் டாக்டர் வருவார். தீராத அரிவாள். ஒருநாள் டீ நேரத்தில் கூண்டு வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவரிடம் வந்தார்.

"டாக்டர் சார், கடவாய்ப் பல்லப் புடுங்கற மாதிரி மட்டையப் புடிச்சிகினு கீறீங்க. கை இறுகிச்சின்னா மணிக்கட்டு திரும்பாது. மட்டையோட மூஞ்சி தொறந்துகினே வரும். பந்து வலது பக்கம் ஓடாம இன்னா பண்ணும்?"

"நூறு மீட்டர் தள்ளி உட்கார்ந்துகிட்டு என் கை எப்படிய்யா தெரிஞ்சுது?"

"பந்து சொல்ச்சு."

டாக்டர் பிடியைத் தளர்த்தினார். கொஞ்சம் அதிகமாகவே தளர்த்திவிட்டார். அடுத்த வீச்சில் பந்து அசையாமல் இருந்தது. மட்டை கையைவிட்டுப் பறந்து இருபது மீட்டர் தள்ளிப் புல்லில் குத்திட்டு நின்றது. கூண்டு கைதட்டினார். "பாத்தீங்களா, மட்டை நேராப் போச்சு! இனிமே பந்தும் கத்துக்கும்."

கற்றுக்கொண்டது. இரண்டு வாரத்தில் டாக்டரின் பந்து பாதி திருந்தியது.

இன்னொருவர் ஐடி மேலாளர். காதில் எந்நேரமும் இயர்போன், வாயில் எந்நேரமும் "யெஸ், யெஸ்". தூரம் மட்டும் வரவில்லை. புது மட்டை வாங்கினார், புது ஷூ வாங்கினார், உடற்பயிற்சிக்கு ஆள் வைத்தார். கூண்டு ஒரே வரியில் முடித்தார்: "சார், மூச்சுல பாதி அமெரிக்காவுல கீது. மீட்டிங்க கட் பண்ணிட்டு அடிங்க." அவர் மீட்டிங்கைத் துண்டித்துவிட்டு அடித்தார். பந்து பதினைந்து மீட்டர் கூடுதலாகப் போனது. சந்தோஷத்தில் அன்றைய மிச்ச மீட்டிங்குகளையும் துண்டித்துவிட்டதாகக் கேள்வி.

இந்த இடத்துக்குத்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த வேலை போய், ஏழு மாதம் வீட்டில் இருந்துவிட்ட நேரம். ரேஞ்ச் முதலாளி பந்தின் வேகம், திசை, சுழற்சி எல்லாவற்றையும் அளக்கும் ரேடார் பெட்டி ஒன்றைத் தருவித்திருந்தார். அதை இயக்கி, ஒவ்வொருவருக்கும் அறிக்கை கொடுப்பது என் பொறுப்பு. வருகிறவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் பெட்டியும் திரும்பிப் போகும், நானும் போக வேண்டும் என்பது பேச்சு. கள்ளிக்குப்பத்தில் காலை நாலரைக்கு எழுந்து, இரண்டு பேருந்து மாறி, ஆறு மணிக்கு அங்கே நிற்பேன்.

முதல் நாள் கூண்டு பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது இன்னாலாம் சொல்லும்மா?"

"வேகம், திசை, எவ்வளவு சுத்துது, எல்லாம் சொல்லும் அண்ணே."

"அடிச்ச ஆளுக்கு எங்க வலிக்குதுன்னு சொல்லுமா?"

"அது சொல்லாது."

"அப்ப சரி. ரெண்டு பேருக்கும் வேலை கீது."

பெட்டி முதல் நாளிலிருந்தே ஒரே பாட்டைப் பாடியது. எல்லாருடைய பந்தும் கொடிக்கு வலப்பக்கம் போகிறது என்றது. நான் பயப்படவில்லை. பந்து வலப்பக்கம் போவதற்குப் பதினொரு காரணங்களைப் பட்டியலிட்டேன். பிடி, தோள், இடுப்பு, நிற்கும் கோணம் என்று ஒவ்வொருவருக்கும் பொருத்தமானதைக் குறித்து, கொடிக்குக் கொஞ்சம் இடமாக வீசிப் பழகும்படி அறிக்கை கொடுத்தேன். எல்லாரும் சிரத்தையாகப் பழகினார்கள். பத்தே நாளில் நேராக அடித்தவர்களுக்கு அரிவாள் வந்தது. ஏற்கெனவே அரிவாள்காரர்களுக்கு அது முற்றியது. மட்டை பந்தைக் குறுக்கே சீவியதில் எல்லாருக்கும் தூரம் குறைந்தது. பல் டாக்டர் அறிக்கையை என் மேசையில் வைத்தார். "இந்தப் பெட்டி வர்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு நோய்தாம்மா இருந்துச்சு. இப்ப உன் கணக்குல ஏழு."

மூன்றாம் வாரம் முதலாளி வந்தார். "வெள்ளிக்கிழமை பெட்டிக் கம்பெனி வண்டி வருது. அதுக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா பெட்டிய ஏத்தும்போது நீயும் முன்சீட்டுல ஏறிக்க."

அன்று புதன்கிழமை. எனக்கு அழுகைகூட வரவில்லை, தூக்கம்தான் வந்தது. மறுபடியும் ஏழு மாதம், மறுபடியும் "இன்னும் எதுவும் அமையலையா?" என்ற விசாரணைகள். அவற்றை நினைத்தாலே உடம்பு அசந்துபோனது. டீ டம்ளரோடு கூண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இஞ்சினீரம்மா, எத்தினி பேருக்கு வலது பக்கம் போவுதுன்னுது உன் பொட்டி?"

"எல்லாருக்கும் அண்ணே. முதல் நாள்லேருந்து."

"இடது கைக்காரரு ஒருத்தர் வராரே, அவருக்கு?"

"அவருக்கும்தான்."

டம்ளரைக் கீழே வைத்தார். "ஏம்மா, அவருக்கு அரிவாள் வந்தா இடது பக்கம்ல போவணும்?"

பதினொரு காரணங்களில் எனக்கு இது தோன்றவே இல்லை.

"மொதல்ல யார் பந்தும் புச்சா வளையல. நான் பாத்துகினுதானே கீறேன். நேரா வந்துச்சு. நேரா வந்து தப்பான எடத்துல வுழுந்துச்சு. நீ பேப்பர் குடுத்தப்புறம்தான் வளையுது. தெரு பூரா ஒரே நாள்ல வயித்தால போனா, ஊடு ஊடா மாத்திர குடுப்பியா? தண்ணி டேங்க்க ஏறிப் பாக்கமாட்டே?"

மறுநாள் காலை, ஆட்கள் வருமுன், கொத்தனார் நூல் கண்டு ஒன்றை எடுத்து வந்தார். மேட் விளிம்பையொட்டி நூலைப் பிடித்துக்கொண்டு நான் நிற்க, அவர் மறுமுனையோடு அதே கோட்டில் கொடி இருக்கும் தூரம்வரை நடந்தார். நூல் கொடிக்குப் போகவில்லை. பத்து மீட்டர் வலப்பக்கம் தள்ளிப் போனது. பன்னிரண்டு மேட்களும் அப்படியே. சுற்றிலும் சிமெண்டு புதிதாக இருந்தது. நான் விதிமுறைப்படி பெட்டியைக் கொடிக்கு நேராக வைத்திருந்தேன். மனிதர்கள் மேட்களுக்கு நேராக நின்று அடித்தார்கள். கருவியைச் சரிபார்ப்பதே என் படிப்பு. கருவிக்கு முன்னால் கிடந்த மேட்களை நான் பார்க்கவில்லை.

சிமெண்டுப் பூச்சைப் பார்த்தே கூண்டு மேஸ்திரி யாரென்று சொல்லிவிட்டார். பூந்தமல்லியிலிருந்த அவருக்கு ஒரு போன். இரண்டே நிமிடத்தில் விஷயம் வெளியே வந்தது. நான் சேர்வதற்கு முந்தைய திங்கள்கிழமை, விடுமுறை நாளில், முதலாளி ஒரு வாஸ்துக்காரரை அழைத்து வந்திருக்கிறார். பந்து போகிற திசையில்தான் செல்வமும் போகிறது, ஈசானிய மூலையைப் பார்த்து நாலு விரல் திருப்பு என்று அவர் சொல்ல, மேட்களைப் பெயர்த்துத் திருப்பிப் பதித்திருக்கிறார்கள். வெளியே சொன்னால் பலிக்காது என்பதால் யாருக்கும் சொல்லவில்லை.

நான் முதலாளிக்கு ஏழு அம்சங்களில் மெயில் எழுத ஆரம்பித்தேன்.

"அனுப்பு, வேணாங்கல" என்றார் கூண்டு. "படிச்சிட்டு அவரு மேட்டத் திருப்பமாட்டாரு. ரகசியம் வெளிய போச்சேன்னு உன்னத் திருப்பி அனுப்புவாரு."

மெயிலை அனுப்பவில்லை. வேறு வழியும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது, கொடி பத்து மீட்டர் வலப்பக்கம் நின்றுகொண்டிருந்தது. அடியிலிருந்த சிமெண்டுக் கட்டியோடு பெயர்த்து நடப்பட்டிருந்தது. கூண்டு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைப் புதுக் கொடிக்கு நேராக வைத்தேன். வந்தவர்களிடம், அறிக்கைகளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பழையபடி அடியுங்கள் என்றேன். இடது கைக்காரருக்கு நேராகப் போனது. ஐடி மேலாளருக்குத் தூரம் திரும்பியது. பல் டாக்டருக்கு ஏழு நோயும் போய், பழைய அரிவாளில் பாதி மட்டும் மிஞ்சியது. பதினொரு மணிக்கு வந்த கம்பெனி வண்டி டீ குடித்துவிட்டுக் காலியாகத் திரும்பியது.

முதலாளி கொடியைப் பார்த்துவிட்டார். "கொடிய எவன்யா நகத்தினது?"

நான் வாயைத் திறப்பதற்குள் குரல் வந்தது. "நான்தான் மொதலாளி. ரிவர்ஸ் எடுக்கும்போது இடிச்சிட்டேன். திருப்பி நட்டேன், எடம் கொஞ்சம் தள்ளிப்போச்சு."

"கொஞ்சமா? பத்து மீட்டர்யா!"

"வண்டி பழசு. பிரேக்கு லேட்டாத்தான் புடிக்கும்."

முதலாளி நேர்கோட்டில் பறக்கும் பந்துகளைப் பார்த்தார். ஈசானிய மூலையைப் பார்த்தார். முகத்தில் ஒரு திருப்தி வந்தது. கொடி அங்கேயே இருக்கட்டும் என்றார். ஆனால் தண்டனை தண்டனைதான். பத்து நாளைக்குக் கூண்டுக்கு வண்டி கிடையாது. ரேஞ்ச் மூடியிருக்கும் மத்தியான நேரத்தில் கூடையோடு இறங்கிக் கையால் பொறுக்க வேண்டும்.

பன்னிரண்டு மணி வெயிலில் தலையில் ஈரத்துண்டோடு அவர் குனிந்து குனிந்து நிமிர்வதை மேலிருந்து பார்த்தேன். இன்னொரு கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"இன்னாத்துக்குமா நீ? மேல போ. கறுத்துடுவே."

"ஏற்கெனவே கறுப்புதான் அண்ணே."

"இடுப்பு புட்டுக்கும்."

"உங்களுக்கு மட்டும் என்ன, இரும்பா?"

அவர் நகர்ந்து, எனக்கு ஒரு வரிசை விட்டார்.

பத்தாம் நாள், வானம் கொதித்துக்கொண்டிருந்தது. "இன்னும் ரெண்டு வரிசைதான். நாளிக்கு வண்டி வந்துடும். நீ போயி நெழல்ல நில்லு" என்றார். கால் கடுத்தது. நாலரைக்கே எழுந்த தூக்கம் இமைமேல் உட்கார்ந்திருந்தது. அந்த இரண்டு வரிசையையும் நான் மெதுவாகவே பொறுக்கினேன்.