மின்னஞ்சல் விரதம்

அயல்நாட்டுக்குப் போக அனுமதி கேட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்போரின் கோப்பு எந்த மேசையில், எந்தக் கட்டுக்கு அடியில் கிடக்கிறது என்பதைக் கண்ணை மூடியபடியே கண்டு சொல்லும் மகான் ஒருவர் அவ்வூரில் அவதரித்திருந்தார். அவதாரத் தலம், நகலெடுக்கும் கடை ஒன்றின் மாடி. மக்கள் இட்ட திருநாமம், ஃபைல் சாமி. ஞாயிறுதோறும் அவரைக் காணும் வரிசை படிக்கட்டில் இறங்கித் தெருமுனைவரை நீண்டது. குடிவரவு அலுவலகம் காக்கவைப்பதைத் திட்டிக்கொண்டே இன்னொரு வாசலில் போய்க் காத்து நிற்க மனிதனால் மட்டுமே முடியும். ஆடுமாடுகளுக்கு அவ்வளவு அறிவு போதாது.

சாமியின் முறை எளியது. முதலில் சங்கல்பச் சீட்டு. அதில் விண்ணப்ப எண், மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல் மூன்றையும் எழுத வேண்டும். “ஃபைல் இருக்கிற இடத்துக்கு நான் போகணும்னா எனக்கு வழி வேணாமா?” என்பார். நியாயந்தானே. வீட்டுச் சாவியைச் சொந்த மச்சானிடம்கூடத் தராதவர்கள், கடவுச்சொல்லை முத்து முத்தாக எழுதிக் கொடுத்தார்கள். அடுத்தது விரதம். சோற்றை விட வேண்டாம், மின்னஞ்சலை விட்டால் போதும். பக்தர் அஞ்சற்பெட்டியைத் திறந்தால், நகரத் தொடங்கிய கோப்பு வெட்கப்பட்டு நின்றுவிடுமாம். வரும் சேதியைச் சாமியே ஞானத்தில் கண்டு ஞாயிறன்று சொல்வார். சொன்னதெல்லாம் பலித்தது. கிடைத்துவிட்டது என்று அவர் சொன்னவனுக்குக் கிடைத்திருந்தது. இல்லை என்றவனுக்கு இல்லை. இதற்கு மேலும் சந்தேகிப்பவன் நாத்திகனாகத்தான் இருக்க வேண்டும்.

இந்தக் கூட்டத்தில் ஒரு தம்பி இருந்தான். அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் வாங்கி, அனுமதிக்கு விண்ணப்பித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வகுப்பு தொடங்க இன்னும் ஐந்து வாரம். அதற்குள் போய்ச் சேராவிட்டால் இடம் பறிபோகும். அலுவலகத்தின் இணையதளமோ ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒற்றை வரியைக் கல்வெட்டுப்போல் காட்டிக்கொண்டிருந்தது. சீட்டெழுதி விரதம் தொடங்கிய அடுத்த ஞாயிறன்று சாமி அவன்முன் கண்மூடி, முகம் சுளித்தார். நெஞ்சில் ஒரு தடை தெரிகிறது என்றார். பரிகாரம்: ஒன்பது நாள், தினம் ஒரு மணிநேரம், பாஸ்போர்ட்டை நெஞ்சின்மேல் வைத்து மல்லாந்து படுத்திருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் அந்தக் கோலத்தில்தான் அவனை அக்கா பார்த்தாள். பார்சல் நிறுவனம் ஒன்றின் தேடல் பிரிவில் அவளுக்கு வேலை. காணாமற்போன பொட்டலத்தைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்று கேட்பதே அவள் பிழைப்பு.

“என்னடா, மேல சீட்டெல்லாம் வெச்சுப் படுத்திருக்க? எங்க ஆபீசுக்கு வரவேண்டிய பார்சலா நீ?”

அவன் படுத்தவாக்கிலேயே எல்லாம் சொன்னான். அவள் அவன் கைப்பேசியை எடுத்ததும் விரதம் கெட்டுவிடும் என்று பதறினான்.

“விரதம் உனக்குத்தானே? நான் சாப்பிட்டாச்சு.”

அலுவலகத்தின் கடிதம் வந்து ஏழு நாள் ஆகியிருந்தது. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பத்து நாளுக்குள் அனுப்புக, தவறினால் விண்ணப்பம் முடித்துவைக்கப்படும் என்று அதில் கண்டிருந்தது. அக்காவின் கண்ணில் இன்னொன்றும் பட்டது. புதுக் கடிதங்கள் தடித்த எழுத்தில் நிற்கும், இதுவோ மெலிந்திருந்தது. யாரோ ஏற்கெனவே திறந்து படித்திருக்கிறார்கள்.

தம்பி வெளிறினான். மறுகணமே முகம் மலர்ந்தான். “பாத்தியாக்கா? நெஞ்சுன்னு சாமி அப்பவே சொன்னாரே.”

பக்தியின் சீரண சக்தி அபாரமானது. அதை வாதத்தால் வெல்ல முடியாதென்று அக்காவுக்குத் தெரியும். மறுநாள் அவனை இழுத்துப்போய் எக்ஸ்ரே எடுக்கவைத்தாள். கெடு முடிய ஒருநாள் இருக்கையில் அறிக்கை போய்ச் சேர்ந்தது. அன்று மாலையே புதிய முகவரி ஒன்றிலிருந்து தம்பியின் அஞ்சற்பெட்டிக்கு ஒரு சிறு கடிதம் எழுதி அனுப்பினாள். அதன் நகலை உறையிலிட்டு ஒட்டி அவன் சட்டைப்பையில் செருகி, சொல்லும்வரை பிரிக்கக்கூடாது என்றாள்.

ஞாயிறு வந்தது. தம்பியைக் கண்டதும் சாமி கண்களை மூடினார்.

“ஃபைல் தெரியுது தம்பி. மூணாவது மாடி. ஏதோ தண்ணி... தண்ணி வடிகட்டி. அதுக்குப் பின்னால விழுந்து கெடந்திருக்கு. மேல ஒரு பூனை படுத்துத் தூங்குது. சாம்பல் பூனை. அதை எழுப்பிவிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. உனக்குக் கிடைச்சிருச்சு.”

கூட்டம் மெய்சிலிர்த்தது. தம்பியின் கண்கள் நிறைந்தன.

“பூனைக்கு வால் இருந்துச்சா சாமி?” என்று கேட்டாள் அக்கா.

“பாதி வால்தான்” என்றார் சாமி, இமைகூடத் திறவாமல்.

“உறையைப் பிரிடா. சத்தமா படி.”

அவன் படித்தான்: “உங்கள் கோப்பு மூன்றாவது மாடியில், தண்ணீர் வடிகட்டிக்குப் பின்னால், பாதி வாலுள்ள சாம்பல்நிறப் பூனையின் அடியில் கண்டெடுக்கப்பட்டது. அனுமதி வழங்கப்பட்டது. இப்படிக்கு, தேடல் பிரிவு.” கடைசி இரண்டு சொற்களைப் படிக்கும்போதே தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தான்.

“தேடல் பிரிவு நான்தான்” என்றாள் அக்கா. “நேத்து எங்க வீட்டு அடுப்படியில உக்காந்து எழுதினது. மாடியும் இல்ல, பூனையும் இல்ல. இவனுக்கு அனுமதியும் இன்னும் வரல.”

ஊரை ஏமாற்றியவருக்கும் ஒரு மூடநம்பிக்கை இருந்திருக்கிறது பாருங்கள்: அலுவலகக் கடிதத்தில் பூனையே வந்தாலும் நம்பிவிடுவார்.

இது தெய்வ சோதனை என்று சாமி தொடங்கினார். கேட்க ஆளில்லை. ஒருவர் கைப்பேசியைத் திறந்தார், பிறகு எல்லோரும். எல்லாருடைய கடிதங்களும் மெலிந்த எழுத்தில் இருந்தன. யாரோ சாமிக்குப் பின்னால் தொங்கிய திரையை விலக்க, அங்கே மூன்று கைப்பேசிகள் சார்ஜில் கிடந்தன. கூச்சலுக்கு நடுவே நர்ஸ் ஒருத்தி சாமிமுன் வந்து நின்றாள். “பொருள் வழியில தடைன்னு சொல்லி வாசல்ல காசு புதைக்கச் சொன்னீங்களே” என்றாள். “பேங்க் லெட்டர்தான் கேட்டிருக்காங்க. கெடு முடிஞ்சு பன்னண்டு நாள் ஆச்சு.”

பின்வரிசைப் பெரியவர் ஒருவர் கூட்டத்தை விலக்கி அக்காவிடம் வந்தார். மிகுந்த பணிவுடன் தம் சங்கல்பச் சீட்டை நீட்டினார். “என் ஃபைல் எங்க இருக்குன்னு நீங்களாவது கண்டு சொல்லுங்கம்மா.”

அக்கா அதை வாங்காமல் அவர் கையிலேயே மடித்து வைத்தாள். “மொதல்ல பாஸ்வேர்டை மாத்துங்க பெரியவரே. அப்புறம் உங்களுக்கு வந்த கடுதாசியை நீங்களே படிங்க.”

தம்பியின் விண்ணப்பம் இன்னமும் பரிசீலனையில்தான் இருக்கிறது. அலுவலகம் நம்மைக் காக்கவைக்கும், அது அதன் குணம். ஆனால் யோசிப்பதற்கு யாரிடமும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை ஐயா. அந்தச் சன்னலில் வரிசையே கிடையாது, ஆள்தான் வருவதில்லை.