அக்காவின் வரிசை

வணக்கம், எல்லோரும் சௌக்கியம்தானே? முழங்காலும் முதுகும் சொன்ன பேச்சைக் கேட்கின்றனவா? கேட்கவில்லையென்றால் உட்கார்ந்துகொண்டே படியுங்கள். இது நிற்கிறவர்களைப் பற்றிய கதை.

அந்தப் பெண்கள் கல்லூரியில், இளங்கலை மாணவிகளே நடத்தும் உலக விவகார இதழ் ஒன்று உண்டு. அதன் ஆசிரியைக்குத் 'தூதர்' என்று பட்டப்பெயர். பக்கத்து வீட்டுச் சண்டையைக்கூட எல்லைத் தகராறு மாதிரி பேசுவாள், அதனால். அன்று மதியம் புதுக் கட்டடத்து நடைவழியில் மேசை போட்டு, 'துணை ஆசிரியர்கள் தேவை' என்று எழுதி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நான்கு மணிக்குள் ஐந்து பேராவது சேர வேண்டும். சேராவிட்டால் இதழைப் பொருளாதார இதழோடு இணைத்துவிடுவேன் என்று இதழ்களுக்குப் பொறுப்பான பேராசிரியை சொல்லியிருந்தார்.

இணைப்பதுகூடப் பரவாயில்லை. பொருளாதார இதழின் ஆசிரியை யாரென்றால், தூதருடைய பெரியம்மா மகள். மூன்றே மாதம் மூத்தவள். முதலில் நடந்தவள், முதலில் பேசியவள், முதலில் மூக்குக்கண்ணாடி போட்டவளும் அவள்தான். அந்தக் கண்ணாடிக்காகவே தூதர் ஒரு வாரம் எழுத்து தெரியவில்லை என்று அழுதாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அவளை 'அக்கா' என்று கூப்பிட்டதில்லை.

நடைவழியின் மறுகோடியில் பெரியம்மா மகளின் மேசை. அங்கே பெரிய வரிசை. தூதர் எண்ணினாள், இருபத்திரண்டு பேர். கொஞ்சம் பேர் முன்னால் நகர்ந்தால் பின்னால் வேறு பேர் வந்து ஒட்டிக்கொண்டார்கள். இவள் மேசைக்கு ஈகூட வரவில்லை.

தூதர் ஓடிப்போய்ப் பெரிய உலக வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினாள். ஒருத்தி வந்து உற்றுப் பார்த்தாள்.

"இதுல நூலகம் எங்கங்க இருக்கு?"

அடுத்து பிஸ்கட் வாங்கி வைத்தாள். ஒன்பது பேர் வந்தார்கள். தின்றார்கள், கையைத் துடைத்தார்கள், போனார்கள். எதில் துடைத்தார்கள் என்று பார்த்தால், அச்சடித்து வைத்திருந்த விண்ணப்பங்களில்.

மணி மூன்றரை. வரிசையில் இப்போது இருபத்தெட்டு பேர். தூதருக்கு வயிறு எரிந்தது. விறுவிறுவென்று மறுகோடிக்குப் போனாள்.

"இடம் மாத்திக்கலாமா?"

பெரியம்மா மகள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "தாராளமா. இது எனக்காக வந்த கூட்டம் இல்லடி, இடத்துக்காக வந்த கூட்டம்."

'எவ்வளவு அடக்கம் பாரு' என்று அதற்கும் தூதருக்கு எரிச்சல்.

"ஆனா ஒண்ணு," என்றாள் பெரியம்மா மகள். "எல்லார் முன்னாடியும் ஒரே ஒரு தடவை 'அக்கா'ன்னு கூப்பிடு."

தூதர் வரிசையைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அக்கா."

"கடைசியில நிக்கறவங்களுக்குக் கேக்கலையாம்."

"அக்கா!"

இருபத்தெட்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியம்மா மகள் தன் விண்ணப்பப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுகோடி மேசைக்குப் போய்விட்டாள். அவளுடைய பதாகை கம்பியால் இறுகக் கட்டியிருந்ததால், அதன் மேலேயே தூதர் தன் உலக வரைபடத்தை மாட்டினாள். பின்னாலிருந்த கதவையும் அது பாதி மூடியது. மேசையைக் கதவுக்கு நன்றாகக் குறுக்கே இழுத்துப் போட்டாள், ஒருத்தியும் தப்பக் கூடாது.

விண்ணப்பம்தான் இல்லையே. வெள்ளைத்தாளில் மூன்று கேள்விகளை மட்டும் கையால் எழுதிக் கொடுத்தாள். எழுதிக் கொடுத்தால்தான் உள்ளே சேர்க்க முடியும் என்று கறாராகச் சொன்னாள். எல்லோரும் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்கள். சிலர் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு எழுதினார்கள். எவ்வளவு துடிப்பு என்று தூதருக்குக் கண் கலங்கியது.

நான்கு மணிக்குப் பேராசிரியை வந்தபோது இருபத்தெட்டு தாள்கள் தயாராக இருந்தன. அவர் மேலே இருந்ததை எடுத்து வாசித்தார்.

'ஏன் வந்திருக்கிறீர்கள்?' ரொம்ப அவசரம்.

'எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்?' ஐந்து நிமிடம் போதும்.

'முன் அனுபவம்?' தினமும்.

அடுத்த தாளில் ஒரே வரிதான். இனிமேல் தாங்க முடியாது.

பேராசிரியை நெகிழ்ந்துவிட்டார். "உலகம் போற போக்கைத்தான் சொல்றா. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு இவ்வளவு தவிப்பா? உன் இதழை யாரும் தொட முடியாதும்மா."

தூதர் நடைவழியின் மறுகோடியைப் பார்த்தாள். அங்கே அக்கா தனியாக உட்கார்ந்து மிச்சமிருந்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தாள். பத்தொன்பது வருட எரிச்சல் ஒரு நொடியில் குளிர்ந்தது.

அப்போது உலக வரைபடம் அசைந்தது. பசிபிக் பெருங்கடல் புடைத்தது. கதவைத் தள்ளிக்கொண்டு, கையில் வாளியும் துடைப்பமுமாகத் துப்புரவு அம்மா வெளியே வந்தார்.

"கழுவி முடிச்சிட்டேன், மேசையை நகத்தும்மா. பாவம், பிள்ளைங்க எவ்வளவு நேரந்தான் அடக்கிக்கிட்டு நிப்பாங்க?"

நீங்களும் யாருடைய வரிசையையாவது பார்த்து வயிறெரிந்திருப்பீர்கள். அது எதற்கு நின்ற வரிசை என்று ஒளிக்காமல் எனக்கு எழுதுங்கள்.