பதினோரு சோடா மூடிகள்

"இன்னும் கேக்குது" என்றார் மேலாளர்.

முன்வரிசை நடு இருக்கையில் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். மேடையில் வாத்தியப் பராமரிப்பாளர் கையில் திருப்புளியோடு நின்றார். மாலை ஆறு மணிக்கு மூன்று நாட்டுக் குழுக்கள் வாசிக்கப்போகிற அரங்கு அது. கலைஞர்கள் பயணக் களைப்பில் ஓட்டலில் தூங்க, வாத்தியங்கள் மட்டும் முன்னதாக மேடையேறியிருந்தன.

பராமரிப்பாளருக்குப் பாம்புச்செவி. கடைசி வரிசையில் யாராவது மிட்டாய்க் காகிதம் பிரித்தால் எந்த இருக்கை என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரின் வாத்தியத்தில் இரைச்சல் என்றால் மானப் பிரச்சினை. அதைவிடப் பெரிய பிரச்சினை, அவருடைய ஆறு மாதத் தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது. நிரந்தர வேலைக் கடிதம் கையெழுத்துக்காக மேலாளரின் கோட்டுப் பையில் காத்திருந்தது. வேலை நிரந்தரமாகிவிட்டது என்று பராமரிப்பாளரின் மனைவி போன மாதமே தன் அண்ணனிடம் அளந்துவிட்டிருந்தாள். அந்த அண்ணன் மாலை நிகழ்ச்சிக்குக் குடும்பத்தோடு வருகிறார்.

முதல் வாத்தியத்தில் கோளாறு கண்ணுக்கே தெரிந்தது. பலகையில் இரும்புப் பட்டைகள் பொருத்தி, கட்டைவிரலால் தட்டி வாசிப்பது. அதன் முகப்பில் யாரோ சோடா மூடிகளைத் தளர்வாக அடித்து வைத்திருந்தார்கள். தட்டும்போதெல்லாம் மூடிகளும் சேர்ந்து கிறுகிறுத்தன. பதினொன்றையும் நெம்பிக் குப்பையில் போட்டார்.

"இன்னும் கேக்குது."

அடுத்தது தீவு நாட்டுக் குழுவின் வெண்கலப் பட்டைகள். ஜோடி ஜோடியாக இருந்தன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று மற்றதைவிட இம்மியளவு சுருதி கூடியிருந்ததால், சேர்த்து அடித்தால் நாதம் நடுங்கியது. எந்த அரைகுறை செய்த வேலையோ என்று இரக்கப்பட்டு, கூடியிருந்தவற்றின் அடியில் மெழுகை ஒட்டிச் சமன் செய்தார்.

இன்னும் கேட்கிறது என்று மேலாளர் தலையை ஆட்டினார்.

மிச்சம் மூங்கில் குழல். அதில் ஒரு துளையை மெல்லிய சவ்வு மூடியிருந்தது. ஊதியபோது அது அதிர்ந்து வண்டாக முனகியது. அதையும் கிழித்தெடுத்துத் துளையை மெழுகால் அடைத்தார்.

மேலாளர் எழுந்தார். "சாயங்காலம் வருவேன். அப்பவும் இந்தக் கொய்ங் சத்தம் என் காதுல விழுந்தா, நாளைக்கு நீங்க வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

மூன்று மணிக்குக் குழுக்கள் வந்தன. மூன்றே நிமிடத்தில் மூன்று மொழிகளில் கூச்சல் எழுந்தது. மொழிபெயர்ப்பாளர் அம்மாளுக்கு எதை முதலில் சொல்வதென்று தெரியவில்லை. தீவுக்காரர் கைகளை விரித்து நெடுநேரம் முழங்கியதை, "ஜோடில ஒண்ணு மூச்சை இழுக்கணும், ஒண்ணு விடணுமாம். நீங்க ரெண்டையும் கொன்னுட்டீங்களாம்" என்று சுருக்கித் தந்தார். குழல்காரப் பெண் சொன்னதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

பலகை வாத்தியக்காரர் மட்டும் கத்தவில்லை. வாத்தியத்தை மடியில் வைத்து மூடிகள் இருந்த இடத்தைத் தடவினார். மெதுவாக ஏதோ சொன்னார்.

"இந்தக் கிறுகிறுப்புலதான் செத்துப்போன அவர் அப்பா குரல் அவருக்குக் கேக்குமாம்" என்றார் அம்மாள். "இப்ப கேக்கலியாம்."

பராமரிப்பாளருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆறு மாதமாகக் காப்பாற்றிய வேலையா, அந்த மனிதரின் அப்பாவா என்று ஒரு கணம் யோசித்தார். வேலை போனால் போகட்டும் என்று சட்டைக் கையை மடித்தார்.

மெழுகைச் சுரண்டி எடுப்பது சுலபமாக இருந்தது. கிழிந்த சவ்வுக்கு எங்கே போவது? கேன்டீனுக்கு ஓடி, ஒரு கூடை வெங்காயத்தை உரித்து, கண்ணீரோடு மெல்லிய தோலாகப் பொறுக்கிவந்து ஒட்டினார். குழல்காரப் பெண் ஊதிப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தாள். சோடா மூடிகளைத்தான் குப்பை வண்டி கொண்டுபோயிருந்தது. துப்புரவுப் பணியாளர்கள், டிக்கெட் கிழிப்பவர், மொழிபெயர்ப்பாளர் அம்மாள் என்று ஆளுக்கொரு சோடா குடிக்க வைத்து, ஏப்பங்களுக்கு நடுவே பதினோரு மூடிகளைச் சேர்த்தார். கடைசி இரண்டையும் அவரே குடித்தார்.

ஆறு மணிக்குத் திரை விலகியது.

மூடிகள் கிறுகிறுத்தன, வெண்கலம் நடுங்கியது, குழல் முனகியது. பக்கவாட்டில் நின்ற பராமரிப்பாளர் இத்தனை வருடம் எதை இரைச்சல் என்று நினைத்தோம் என்று வெட்கப்பட்டார். மூன்று வாத்தியங்களும் உயிரோடு பேசிக்கொண்டன. முடிவில் மூன்று குழுக்களும் சேர்ந்து வாசித்தபோது அரங்கமே எழுந்து நின்றது. பலகை வாத்தியக்காரர் அழுதுகொண்டே வாசித்தார். மனைவியின் அண்ணன் நாற்காலிமேல் ஏறி விசிலடித்தார். மேலாளர் கண்மூடி ரசித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி முழங்கையால் இடித்த பிறகு அவரும் எழுந்து கைதட்டினார்.

பராமரிப்பாளர் நேராக மேலாளரிடம் போய், கழற்றிய எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டதாகவும், தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்வதாகவும் தலை நிமிர்ந்து சொன்னார்.

"நன்றியெல்லாம் எதுக்குய்யா?" என்று அவர் தோளில் தட்டினார் மேலாளர். "நான் சொன்ன மாதிரியே சுத்தம் பண்ணிட்டீங்க. ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் துளி இரைச்சல் இல்ல." அங்கேயே கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மனைவியின் அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நடந்தது. பிறகு கலைஞர்களோடு கைகுலுக்க மேடையேறினார்.

கடிதத்தைப் பிடித்தபடி திகைத்து நின்ற பராமரிப்பாளரின் பக்கத்தில் மேலாளரின் மனைவி வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ரெண்டு நாளா அவரோட காது மிஷின்தான் கொய்ங்னு கத்திக்கிட்டிருந்துச்சு தம்பி, மத்தியானம் சாப்பிட வந்தப்ப நான் பேட்டரியக் கழட்டி வெச்சுட்டேன்."