ரிஜெக்ட் சாரின் பூனைகள்

சாம்பல் பூனை வாஷிங் மெஷினுக்குப் பின்னால் புகுந்துகொண்டு வர மறுத்தது. அதை இழுக்கக் குனிந்த ரிஜெக்ட் சாரின் முதுகில் கறுப்புப் பூனை ஏறி உட்கார்ந்துகொண்டது. நிமிர்ந்தால் அது விழுந்துவிடுமே என்று அவர் அப்படியே குனிந்திருந்தபோதுதான் மனைவி வந்தாள்.

"ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. அதுக்குள்ள இந்த வீட்டுல ஒரு பூனை இருக்கக் கூடாது."

"எந்த மாப்பிள்ளை?"

மனைவி ஒரு நீண்ட மூச்சு விட்டாள். "உங்க பொண்ணு கூட வேலை பார்க்கற பையன். ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்குன்னு போன மாசமே சொன்னேன். நீங்க மஞ்சப் பூனைக்குக் காதுல மருந்து ஊத்திக்கிட்டே 'சரி, சரி'ன்னு தலையாட்டுனீங்க."

"மருந்து ஊத்தும்போது சொன்னா எப்படிம்மா? கை ஆடிடும்ல."

குடைத் தொழிற்சாலையில் அவருக்குத் தரப் பரிசோதனை வேலை. குடையை விரிப்பார், கம்பியைச் சுண்டுவார், பிடியைத் திருகுவார், துணியை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடுவார். கடைசியில் உதட்டைப் பிதுக்கி ஓரமாக எறிவார். மழைக்காலத்தில்கூட அவர் கையில் தேறி வெளியே போகும் குடைகள் குறைவு. அதனால் தொழிற்சாலையில் அவருக்கு 'ரிஜெக்ட்' என்று பெயர். கேலிக்கு வைத்த பெயரை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

பூனைகளை மீட்கும் பணி தற்செயலாகத்தான் தொடங்கியது. ஒரு மழை நாளில் சாக்கடைக் குழாயில் மாட்டிக்கொண்டிருந்த குட்டி ஒன்றை வெளியே எடுத்துவிட்டார். பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த நாலைந்து பேர் கைதட்டினார்கள். அதற்கு முன் அவருக்காக யாரும் கைதட்டியதே இல்லை. அன்றிலிருந்து அவர் கண்ணில் பட்ட பூனைகள் எல்லாமே ஆபத்தில் இருப்பதாகத் தோன்றின. மதில்மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தவற்றையும் மீட்டார். மீட்கும்போது சில பூனைகள் அவரைக் கடித்தன. "பாவம், அதிர்ச்சியில இருக்கு," என்று விளக்கம் சொன்னார்.

மீட்பது பாதி வேலை. நல்லவர்களாகப் பார்த்து நிரந்தரமாக ஒப்படைப்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியில் இதுவரை ஒரு பூனைகூடப் போய்ச் சேரவில்லை. உலகத்தில் நல்லவர்கள் பற்றாக்குறை என்பது அவர் கருத்து.

இப்போது கெடு வந்துவிட்டது.

முதலில் அகப்பட்டவர் தெருமுனைத் தையல்காரர். எலித் தொல்லை, ஒரு பூனை இருந்தால் தேவலை என்றார். அன்று மாலையே ரிஜெக்ட் அளவு டேப்புடன் அவர் வீட்டுக்குப் போனார். தையல்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ரிஜெக்ட் உட்காரவில்லை. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை அளந்தார். கதவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். கட்டிலுக்கு அடியில் படுத்து மேலே பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் நான் அளவெடுப்பேன் சார். என் வீட்டுக்கே ஒருத்தர் அளவெடுக்கறத இப்பத்தான் பார்க்கறேன்," என்றார் தையல்காரர்.

கட்டிலுக்கு அடியிலிருந்தே கேள்வி வந்தது. "எலிக்காகத்தான் பூனை கேக்கறீங்க. எலி தீர்ந்துட்டா?"

"எலி எங்க சார் தீரப்போகுது?"

"தீர்ந்துட்டான்னு கேக்கறேன். அப்புறம் பூனைய என்ன செய்வீங்க?"

"அதுபாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்."

"ஓரமாவா!" ரிஜெக்ட் தலையைக் கட்டிலில் இடித்துக்கொண்டு வெளியே வந்தார். "ஒரு ஜீவன ஓரமா வெப்பீங்களா? தரையப் பாருங்க, எல்லாம் நூலு. முழுங்கிட்டா குடல் என்னத்துக்கு ஆகும்? மன்னிக்கணும். நீங்க தேறல."

இறங்கும்போது மாடிப்படிக்கு அடியில் ஒரு குட்டி கத்திக்கொண்டிருந்தது. இத்தனை நூலுக்கு நடுவில் அதை எப்படி விட்டுவிட்டு வருவது? எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"குடுக்கப் போனீங்களா, வாங்கப் போனீங்களா?" என்றாள் மனைவி.

அடுத்தது ஒரு கணக்கு டீச்சர். தனியாக இருப்பவர். ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்திருந்தார். மெத்து மெத்தென்று திண்டுகள். ஏற்கனவே ஒரு வெள்ளைப் பூனையை மகாராணி மாதிரி வைத்திருந்தார். ரிஜெக்ட் வீடு முழுக்கத் துருவினார். குறை ஒன்றும் கிடைக்காததால் அவருக்கு வியர்த்தது. குறையே இல்லாத குடையைப் பார்த்தாலும் அவருக்கு அப்படித்தான் வியர்க்கும்.

கடைசியில் வெள்ளைப் பூனையைத் தூக்கிப் பார்த்தார். "ரொம்ப குண்டா இருக்கே."

"அது உடம்பு வாகு சார். நான் அளவாத்தான் போடறேன்."

"சாப்பாடு அளவா போடறீங்க, சரி. பாசம்? மனசு காலியா இருந்தாதான் வயிறு கேட்டுக்கிட்டே இருக்கும்."

இருபத்தைந்து வருஷமாகப் பிள்ளைகளை அழவைத்த டீச்சருக்கு அன்று கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நாள் தன்னிடம் விட்டால் அதை இளைக்க வைத்துத் தருவதாக ரிஜெக்ட் பெருந்தன்மையோடு சொன்னார். மஞ்சள் பூனையைக் கொடுக்கப் போனவர், மஞ்சளும் வெள்ளையுமாக வீடு திரும்பினார். அன்று முதல் டீச்சர் வேளாவேளைக்கு போன் செய்து, "அது என்னைக் கேக்குதா சார்?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

மனைவி தன் தம்பியிடம் அழுதாள். அக்காவின் கண்ணீரைத் தாங்காத தம்பி வந்து மூன்று பூனைகளை அள்ளிக்கொண்டு போனார். சொந்த மைத்துனர் என்பதற்காக விதியைத் தளர்த்த முடியுமா? ரிஜெக்ட் திடீர்ப் பரிசோதனைக்குப் போனார். சொல்லிவிட்டுப் போனால் அது திடீர் ஆகாதே என்று, பின்பக்கமாகப் போய், ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அது குளியலறை ஜன்னல். பக்கத்து வீட்டுக்காரர் அவர் காலைப் பிடித்துக்கொண்டு தெருவையே கூட்டிவிட்டார்.

மறுநாள் மைத்துனர் வாசலில் வந்து நின்றார். கையில் நான்கு பூனைகள்.

"மூணுதானே கொண்டு போனீங்க?" என்றார் ரிஜெக்ட்.

"இது எங்க தெருப் பூனை, மாமா. நேத்து நடந்ததைப் பார்த்ததுலேர்ந்து சாப்பிட மாட்டேங்குது. நீங்களே வெச்சுக் காப்பாத்துங்க. அக்கா, இனிமே நாம போன்ல பேசிக்குவோம்."

கடைசி முயற்சியாக மகள் களத்தில் இறங்கினாள். சாம்பல் பூனையை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, வீட்டு விலாசத்தோடு அச்சடித்து, விலங்கு மருத்துவமனையிலும் கடைத்தெருவிலும் ஒட்டிவிட்டு வந்தாள். தான் எழுதிக் கொடுத்த நிபந்தனைகளை அவள் சேர்க்கவில்லை என்று ரிஜெக்டுக்கு வருத்தம்.

"நிபந்தனை நாலு பக்கம் வருதுப்பா. அதுக்குச் சுவர் பத்தாது." மகள் ஒரு கணம் நின்றாள். "நாளைக்கு வரப்போறவங்க பையன் பேராவது தெரியுமாப்பா உங்களுக்கு?"

"நல்ல பேர்தானே?"

மகள் உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. படத்தைப் பார்த்து ஒருவரும் வரவில்லை. வேறு வழியில்லாமல் எல்லாப் பூனைகளையும் மொட்டை மாடி அறையில் அடைத்தார்கள். மனைவி அவருக்குச் சட்டை பட்டனைப் போட்டுவிட்டுக்கொண்டே பாடம் நடத்தினாள்.

"பூனைங்கற வார்த்தை உங்க வாயில வரக் கூடாது."

"வராது."

"டேப்பைக் குடுங்க." கொடுத்தார். "எதையும் குடையாதீங்க. கேள்வி கேக்காதீங்க. அவங்க என்ன கேட்டாலும் இதமா பதில் சொல்லுங்க. முகத்தை மட்டும் குடை பாக்கற மாதிரி வெச்சுக்காதீங்க."

சொல்லி முடிப்பதற்குள் மாடியில் கதவு படாரென்று திறந்துகொண்ட சத்தம் கேட்டது. மனைவி தலையில் அடித்துக்கொண்டு மேலே ஓடினாள். மகள் உள்ளறையில் உடுத்திக்கொண்டிருந்தாள். சரியாக அந்த நேரத்தில் வாசல் மணி அடித்தது.

நடுத்தர வயதுத் தம்பதி. பளிச்சென்று உடுத்தியிருந்தார்கள். பின்னால் காரை ஓரமாக நிறுத்திக்கொண்டிருந்தார் டிரைவர்.

"வாங்க, வாங்க. உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருந்தோம்," என்றார் ரிஜெக்ட்.

"சொல்லாம வந்துட்டோமேன்னு நினைச்சோம். கொஞ்சம் சீக்கிரமாவே வந்துட்டோம் போல," என்றாள் அந்த அம்மாள், உட்கார்ந்துகொண்டே.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. பையன் வரலையா?"

"அவனை விட்டுட்டுத்தான் வந்தோம். வந்தா உடனே தூக்கிட்டுப் போயிடணும்னு அடம் பிடிப்பான். போட்டோவப் பார்த்ததுலேர்ந்து அவனுக்கு வேற நினைப்பே இல்ல. சரியா சாப்பிடறதுகூட இல்ல."

ரிஜெக்ட் நெகிழ்ந்துபோனார். கூடவே வேலை பார்க்கும் பெண்ணின் படத்தைப் பார்த்தும் பட்டினி கிடக்கும் மாப்பிள்ளை!

"இன்னும் பொறுப்பு வரலை அவனுக்கு. இவ வந்தாலாவது வருதா பார்ப்போம்," என்றார் கணவர்.

வேறொரு நாளாக இருந்திருந்தால் 'பொறுப்பு வரலை' என்ற சொல்லுக்கே ரிஜெக்ட் எழுந்து போயிருப்பார். இன்று சிரித்தார். "வந்துடும், வந்துடும்."

"ஆளு எப்படி? சாதுவா?"

"சாதுன்னா அப்படி ஒரு சாது. கோவம் வந்தாக்கூட மாடிக்குப் போய் உக்காந்துக்குவா. பசிச்சா தானா இறங்கி வருவா."

"கடிக்கறது, கிடிக்கறது?" என்று கணவர் சிரித்தபடி கேட்டார்.

வேடிக்கையான மனிதர் என்று ரிஜெக்டும் சிரித்தார். "குட்டியா இருந்தப்ப என் மைத்துனரை ஒரு தடவை கடிச்சிருக்கா. அவரும் அதுக்கு ஏத்த ஆளுதான்."

மாடியில் யாரோ தடதடவென்று குறுக்கும் நெடுக்கும் ஓடினார்கள். ஏதோ ஒன்று உருண்டது. விருந்தாளிகள் இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"என் மனைவி," என்றார் ரிஜெக்ட்.

கணவர் மரியாதையாகத் தலையசைத்தார்.

"எங்க வீட்டுல ஏற்கனவே ரெண்டு பேர் இருக்காங்க," என்று அந்த அம்மாள் தொடர்ந்தாள். "பெரியவளுக்குக் கொஞ்சம் பொறாமை. வந்த புதுசுல முறைப்பா, தட்டுல வாய் வெக்க விடமாட்டா. அப்புறம் சரியாயிடும்."

இரண்டு மருமகள்கள், அதிலும் மூத்தவள் பொல்லாதவள். ரிஜெக்டின் நாக்கு நுனியில் பதினெட்டுக் கேள்விகள் வந்து நின்றன. மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் விழுங்கினார். "எங்க விட்டாலும் பழகிக்குவா. நீங்க கவலையே படாதீங்க."

"அப்புறம்..." அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "ஆபரேஷன் ஏதாவது ஆயிருக்கா?"

எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்! மகளின் குடல்வால் ஆபரேஷனை மறைப்பானேன் என்று ரிஜெக்ட் உண்மையைச் சொல்லிவிட்டார். "ஆயிருக்கு. சின்ன ஆபரேஷன். தழும்புகூடத் தெரியாது."

"அப்பாடா! அது ஒண்ணுதான் எங்களுக்கு யோசனையா இருந்துச்சு. ஆகலைன்னா நாங்களே பண்ணிடலாம்னு இருந்தோம்."

ஆபரேஷன் செலவைக்கூட ஏற்கத் தயாராக இருக்கும் சம்பந்திகள் யாருக்குக் கிடைப்பார்கள்? ரிஜெக்ட் கையெடுத்துக் கும்பிட்டார். 

"எங்களுக்குப் பூரண திருப்தி. உங்களுக்கு எங்க வீட்டைப் பத்தி ஏதாவது கேக்கணும்னா கேளுங்க," என்றார் கணவர். "வந்து பாக்கறதுன்னாலும் வாங்க. நல்லபடியா வெச்சுக்குவோமான்னு தெரியணுமில்ல?"

"சேச்சே! உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுதே. கேக்கறதுக்கு என்ன இருக்கு?" வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வீட்டைத் தேறவிட்ட பரவசம் அவருக்கு. 

"அப்ப எப்ப கூட்டிட்டுப் போகலாம்?"

"உங்க இஷ்டம். இனிமே அவ உங்க வீட்டுப் பொண்ணு."

"இன்னிக்கே?"

ரிஜெக்ட் கொஞ்சம் தடுமாறினார். ஆனால் இதமாகப் பதில் சொல்லத்தான் உத்தரவு. "பேஷா. இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க."

உள்ளறைக் கதவு திறந்தது. மகள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு காதில் தோடு இருந்தது, மற்றது கையில் இருந்தது. கண்கள் நனைந்திருந்தன.

"தையல்காரர் வீட்டுல கட்டிலுக்கு அடியில படுத்துப் பார்த்தீங்க. மாமா வீட்டுல வாளி மேல ஏறிப் பார்த்தீங்க. எனக்காக ஒரே ஒரு கேள்விகூடக் கேக்கத் தோணலையாப்பா?"

"அதுங்களுக்கு வாய் இல்லம்மா. உனக்குத்தான் இருக்கே," என்றார் ரிஜெக்ட்.

விருந்தாளிகள் இருவரும் மகளையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். அந்த அம்மாள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

அதற்குள் டிரைவர் வாசலில் தலையை நீட்டினார்.

"அம்மா, பூனைக் கூடையை உள்ள கொண்டாரட்டுமா? மூடியை நல்லா இறுக்கியிருக்கேன், வழியில எட்டிக் குதிக்காது."