நூறாவது இறகுக்காக நாகமுத்து நடத்திய நீர்ப்போர்

வாழி நாகமுத்து! பழவேற்காட்டு ஏரியின் உப்புக்காற்றில் ஊறிப் பிறந்து, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் உலைக்காற்றில் வறுபட்டு வளர்ந்தவனே, வாழி! செந்நாகமெனச் சீறி வரும் இரும்புக் கம்பியை ஆறு நாளும் இடுக்கியால் அடக்கி, ஏழாம் நாள் மூன்றாம் மாடி வாடகை வீட்டில், பிளாஸ்டிக் நாற்காலி என்னும் அரியணை மீது, லுங்கி என்னும் பட்டாடை புனைந்து, பனியனில் ஓட்டை என்னும் பதக்கம் தரித்து வீற்றிருப்பவனே, வாழி வாழி! சூப்பர்வைசரிடம் அரை நாள் லீவு கேட்க நா எழாத நீ, இரு கட்டைவிரல்களால் ஒரு மாநகரையே காத்தருளிய காதையைச் சொல்லப் புகுந்தோம். இதைக் கேட்போர்க்கு நேரம் போகும். வேறு பலன் ஒன்றும் கிட்டாது. சரக்கைப் பிரிக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுவதுதான் கடைக்கு அழகு.

அந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் வீரத்திருமகனின் கையில் திகழ்ந்தது ஒரு ஜாய்ஸ்டிக். எதிரே டி.வி. என்னும் போர்க்களத்தில் நின்றவன் நீலப்போர்வையான். மலைத்தோளும் மரப்பாச்சி முகமும் கொண்டு, முதுகில் ஒரு நீலப் போர்வையைக் கட்டிக்கொண்டு, தீயோரைத் தண்டித்துப் பூனைகளை மரத்திலிருந்து இறக்கிவிடும் அந்த வீடியோ கேம் நாயகனுக்கு ஆங்கிலத்தில் நீண்டதொரு பெயர் உண்டு. அது நாகமுத்துவின் வாயில் நுழைய மறுத்தமையால், அவன் வீட்டில் அப்பெருமகன் ‘நம்மாளு’ என்றே வழங்கப்பட்டான்.

டி.வி.யில் இணைத்திருந்த அந்த கேம் பெட்டியோ சொந்தப் பெட்டியன்று. மனைவி பானுவின் தம்பி எழிலரசன், மீஞ்சூரிலிருந்து ரசாயனக் கம்பெனிக்கு இரவு ஷிப்டு போய்வந்த காலத்தில், “சும்மாதான கெடக்குது, நீயாவது ஆடு மாமா” என்று இரவல் ஈந்தது. ஈந்த வள்ளல் அன்று காலை எழுந்தருளி, அக்காள் சுட்ட தோசைகளை ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்திவிட்டு, கட்டில் ஓரத்தில் ஒரு காலிப் பையோடு அமர்ந்திருந்தான். அந்தக் காலிப் பையைக் கண்ட கணத்தில் நாகமுத்து ஜாய்ஸ்டிக்கை இறுகப் பற்றிக்கொண்டான்.

“நாஷ்டா ஆச்சு. ஷிப்டும் மாறிடுச்சு. பெட்டியக் கட்டு மாமா” என்று முரசறைந்தான் மைத்துனன்.

“இன்னும் ஒரே ஒரு எறகுதான் மச்சான் பாக்கி! நூறுல தொண்ணூத்தொம்போது எட்த்துட்டேன்.”

அந்நகரில் நூறு பொன்னிறகுகள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. நூறையும் திரட்டியவனுக்கே நீலப் போர்வை பொற்போர்வையாகும். அப்பெருமையை எழிலரசனே எய்தியவனல்லன். பாதியில் சலித்து விட்டவன். ஆகையால் அவன் இருமடங்கு கர்வத்தோடு எழுந்து நின்று ஒரு சபதம் மொழிந்தான்:

“ஒரு மணி வண்டிக்கு நான் கெளம்பணும். அதுக்குள்ள நூறும் எட்த்துட்டியா, பொங்கல் வரிக்கும் பெட்டி உன் ஊட்லயே இருக்கட்டும். இல்லாங்காட்டி பைல போட்டுக்கினு போய்க்கினே இருப்பேன்.”

“தொண்ணூத்தொம்போதுக்கே முடிச்சுக்கயேன்” என்று பேரம் தொடுத்தான் நாகமுத்து. “ஒண்ணுதான? கழிச்சு உடு.”

“ஒண்ணு கொறஞ்சாலும் ஆவாது.”

பேரம் படியவில்லை. கடையை விட்டு இறங்குவதுபோல் இறங்கிப் பார்க்கலாமென்றால், உட்கார்ந்திருப்பது தன் வீடாயிற்றே, எங்கே இறங்குவது? இவ்வாறு போர் நிச்சயமான வேளையில், அடுக்களை என்னும் கோட்டை வாயிலில் பானு தோன்றி, இருபது லிட்டர் காலிக் கேனை இடக்கையால் தரையில் தட்டி, தன் ஆணையைப் பிறப்பித்தாள்.

“கேன்ல பொட்டுத் தண்ணி இல்ல. ஒல வைக்கணும். கீழ போய் ஒண்ணு தூக்கினு வாய்யா.”

“த்தோ, ஒரே நிமிசம்!” என்று உறுமினான் உலகம் காப்போன். உறுமல் என்பது காவிய மரபுக்காகச் சொன்னது. உண்மையில் அது முனகல்.

விலை பேசுமுன் சரக்கின் குணம் சொல்ல வேண்டும். அவ்விளையாட்டின் பெருமைதான் என்னே! கண்ணெட்டும் தொலைவும் கண்ணெட்டாத் தொலைவும் விரிந்த மாநகரம்; ‘இங்கே போகாதே’ என மறிக்கும் கேட்டும் இல்லை, கேட்டில் விசில் ஊதும் செக்யூரிட்டியும் இல்லை. எத்தெருவிலும் புகலாம், எம்மாடியிலும் ஏறலாம். தினந்தினம் கூட்டுரோட்டில் டிரெய்லர் லாரிகளின் பின்னழகைத் தரிசித்துக்கொண்டு பைக்கோடு தவங்கிடக்கும் நாகமுத்து, இங்கே அதே லாரியை ஒற்றைக் கையால் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டு நடப்பான். வானளாவும் கோபுரத்தின் நுனியிலிருந்து நம்மாளு பாய்ந்து, மாலை வெயில் மஞ்சள் கரைத்த வெளியில் போர்வையை விரித்து மிதக்கும்போது படபடவென்று ஓர் ஓசை எழும். அவ்வோசை கேட்டவுடன் பனியனுக்குள் சில்லென்று ஏதோ புகுந்ததுபோல் இருக்கும். நாளெல்லாம் உலைவாய் எதிரே நிற்பவனுக்கு டி.வி.க்குள் அடிக்கும் காற்றும் காற்றுதான். பெட்டி போனால் அந்தக் காற்றும் போய்விடும். பொற்போர்வை என்பதெல்லாம் சும்மா ஒரு சாக்கு. அவன் போராடியது அந்தக் காற்றுக்காக.

குணம் சொன்ன வாயால் சொத்தையையும் சொல்லியாக வேண்டும். அம்மாநகரத்துக் குடிமக்கள் அனைவர்க்கும் சேர்த்து மூன்றே முகங்கள். அம்மூன்றுக்கும் சேர்த்து ஒரே வாக்கியம். காப்பாற்றினாலும் “தேங்க்யூ ஹீரோ” என்பர். கைதவறிக் காரைத் தலையில் போட்டாலும் “தேங்க்யூ ஹீரோ” என்பர். பிடித்து உள்ளே தள்ளிய திருடன், அடுத்த தெருமுனையில் அதே தொப்பியோடு அதே நகைக்கடையை உடைத்துக்கொண்டிருப்பான். எம்மரத்தில் ஏறினாலும் அதே சாம்பல்நிறப் பூனை. மூவுலகும் நடுங்கும் கொடும்பகைவன் இறுதிப் போரில் சுவருக்குள் தலை சிக்கிக்கொண்டு, நாகமுத்து அடித்து முடிக்கும் வரை பொறுமையாக நின்ற காட்சியைப் பாடினால், வென்றவனுக்கு அவமானம். இவையாவும் கழிவு போட்டு ஏற்றுக்கொள்ளத்தக்க குறைகளே.

கழிவு போட முடியாத குறைகள் இரண்டு. வென்றதைப் பெட்டி தன் நினைவில் பதித்துக்கொள்ளும்போது, திரையின் மூலையில் சிறு சக்கரம் ஒன்று சுழலும். ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் எந்திரம்போல் சாவகாசமாகச் சுழலும். அது நிற்பதற்குள் நம்மாளு மாண்டால், வென்றது வென்றதாகாது. இது ஒன்று. மற்றொன்று, நெஞ்சை அறுப்பது: வெடிகுண்டை வாங்கிக்கொள்ளும் மார்பும், ரயிலை நிறுத்தும் கையும் உடைய அம்மாவீரனுக்கு நீச்சல் தெரியாது. நீரில் பெருவிரல் நனைந்த மாத்திரத்தில் திரை நீலமாகும். அவன் உயிர் பிரிந்து, நகரின் மறுகோடியில் உள்ள மணிக்கூண்டின் அடியில் மீண்டும் பிறப்பான்.

நூறாவது இறகோ துறைமுகத்தில், கரைக்கு அப்பால் சேற்றில் தரை தட்டி நின்ற ஒரு படகின் பாய்மர உச்சியில் மின்னிக்கொண்டிருந்தது.

எழுந்தான் வீரன், அதாவது நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான். துறைமுகத்துக் கிரேனின் சிகரத்தில் ஏறி, போர்வை விரித்து, கருடனெனப் பாய்ந்து, பாதி வழியில் போர்வை சுருங்க, கல்லெனக் கடலில் விழுந்து, மணிக்கூண்டில் பிறந்தான். மறுபடி ஓடி, மறுபடி ஏறி, மறுபடி பாய்ந்து, மறுபடி பிறந்தான். போர்வையின் மூச்சு படகுவரை எட்டவில்லை.

அப்போது அவன் பரம்பரை அறிவு விழித்தது. நீரின் நிறத்தை உற்றுநோக்கினான். கரையோரம் வெளிர்பச்சை, அப்பால் சாம்பல், படகைச் சுற்றிக் கலங்கல் மஞ்சள். ஏரியில் பிறந்தவன் கண்ணுக்கு அது நூல்பிடித்துக் காட்டியதுபோல் விளங்கிற்று.

“முட்டி அளவுதான் மச்சான்! அந்தாண்ட இடுப்பு. நடந்தே பூடலாம்” என்று பிரகடனம் செய்து, நம்மாளை நீரில் இறக்கினான். நம்மாளு மாண்டான். கலங்கல் ஓரமாக இறக்கினான், மாண்டான். காலால் துழாவித் துழாவி நடப்பவன்போல் மெல்ல மெல்ல இறக்கினான். மெல்ல மெல்ல மாண்டான். வலைக்காரர் குலத்தின் தலைமுறை தலைமுறையான நீரறிவு முழுவதும், முழங்கால் நீரில் மூழ்கிச் செத்தது.

கேனைப் பற்றிக் கேட்க வந்த பானு இக்கோலம் கண்டு, கதவில் சாய்ந்து நின்றுவிட்டாள். “ஏரில பொறந்த ஆம்பள, முட்டித் தண்ணில சாவற. ஊர்ல சொல்லிடாதய்யா, எங்க நைனா பொண்ணத் திரும்பக் கூப்ட்டுக்கும்.”

“நான் எங்க சாவறேன்? நம்மாளுதான் சாவறான்.”

“எல்லாம் ஒண்ணுதான். லாரி தூக்கறவனுக்கும் தண்ணி ஆவல, கேன் தூக்கறவனுக்கும் தண்ணி ஆவல.”

சொல்லம்பு தைத்த இடத்தில் ஞானம் ஊறியது. லாரி! மணிக்கூண்டிலிருந்து புயலெனப் புறப்பட்டான் நாகமுத்து. துறைமுகத்துச் சாலையில் வரிசை கட்டி நின்ற லாரிகளில் ஒன்றைப் பற்றித் தலைக்குமேல் தூக்கி, ஊழிக்காற்று மலையைப் பெயர்த்தெறிவதுபோல் நீரில் எறிந்தான். எறியப்பட்ட லாரி மூழ்கவில்லை; தக்கைபோல் மிதந்தது.

கம்பிப் பாரம் ஏற்றிய லாரிகளை நாளும் காண்பவன் திகைத்தான். “இன்னாடா அநியாயம் இது! பத்து டன் வண்டி மெதக்குது, போர்வ கட்டினவன் முழுகிப்பூட்றான்!”

“கேம்னா அப்டித்தான் மாமா” என்றான் எழிலரசன். ஆனால் அவன் குரலில் முன்னிருந்த இறுமாப்பு இல்லை. கையிலிருந்த பை எப்போதோ தரையில் நழுவியிருந்தது.

பின் எழுந்தது ஒரு மாபெரும் பாலம். லாரிக்குப் பின் லாரி, அதற்குப் பின் பள்ளிப் பேருந்து, அதற்குப் பின் ஐஸ்கிரீம் வண்டி என அள்ளி அள்ளி எறிந்து, அலைமேல் அணி வகுத்தான். வண்டியை இழந்த ஐஸ்கிரீம்காரன் கரையில் நின்று “தேங்க்யூ ஹீரோ” என்று வாழ்த்தினான். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவினான் நம்மாளு. லாரி சாய, தாவினான். பேருந்து சுழல, தாவினான். பானு கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். எழிலரசன் நகம் கடித்தான். வீட்டுக்குப் பக்கத்து ரயில் தண்டவாளத்தில் எந்த வண்டி வந்து எந்த வண்டி போயிற்றென்று அம்மூவரில் ஒருவரும் அறியார். கடைசி லாரியின் கூரையிலிருந்து எம்பி, ஒரு மூச்சுப் போர்வை விரித்து, படகின் மீது பொத்தென்று இறங்கி, பாய்மரம் பற்றி ஏறி, நூறாவது பொன்னிறகைத் தொட்டான் நாகமுத்து!

விண்ணில் எக்காளம் முழங்கிற்று. திரையெங்கும் பொன்மாரி. நீலப் போர்வை ஓரத்திலிருந்து பொன்னாக மாறத் தொடங்கிற்று. மூலையில் சிறு சக்கரம் சுழலத் தொடங்கிற்று. நம்மாளு படகின் தளத்தில் கம்பீரமாக இறங்கி நின்றான். செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சக்கரம் நிற்கும் வரை சும்மா நிற்க வேண்டியது ஒன்றுதான்.

அப்போதுதான் அலையில் மிதந்துவந்த அந்தக் கடைசி லாரி, தரை தட்டிய படகின் விலாவில் மெல்ல இடித்தது. படகு ஒருபுறமாகச் சாய்ந்தது.

ஏரியில் படகு தரை தட்டிச் சாய்ந்தால் என்ன செய்வார்கள் என்பதை ஏரிக்கரையில் எவரும் எவருக்கும் கற்பிப்பதில்லை. இறங்குவார்கள். இறங்கித் தோள் கொடுத்து நிமிர்த்துவார்கள்.

“யோவ், படகு சாயுது, எறங்கித் தோள் குடுய்யா!” என்று வீறிட்டாள் பானு.

“எறங்கு மாமா! எறங்கிப் புடி!” என்று கட்டில் மேல் ஏறி நின்று கூவினான், மாமன் தோற்பதற்காகவே வந்து காத்திருந்த எழிலரசன்.

அவர்கள் கூவி முடிக்கும் முன்பே நாகமுத்துவின் கட்டைவிரல் இறங்கியிருந்தது.

திரை நீலமாயிற்று. பாதி சுழன்ற சக்கரம் மறைந்தது. மணிக்கூண்டின் அடியில், பழைய நீலப் போர்வையோடு, ஒன்றும் அறியாத மரப்பாச்சி முகத்தோடு நம்மாளு பிறந்து நின்றான். மேலே எழுத்தில் தொண்ணூற்றொன்பது.

பிறகு நாகமுத்து திரையைப் பார்த்தபடியே சொன்னான்: “நீயும்தான எறங்குன்ன?”

“நெஜப் படகுன்னு நெனச்சுட்டேன் மாமா.”

“நானும் அதான் நெனச்சேன்.”

“நான் மட்டும் இன்னா” என்றாள் பானு.

இனி என்ன சொல்ல! சபதத்தில் வென்ற மைத்துனன் தோற்ற முகத்தோடு ஒயர்களை ஒவ்வொன்றாகச் சுருட்டிப் பையில் அடைத்து, பொங்கல் என்றும் பேசாமல், பேரம் என்றும் எடுக்காமல், ஒரு மணி வண்டியை நோக்கிப் படியிறங்க, பொற்போர்வையும் பூனைகளும் மூன்று முகத்து மக்களும் படபடக்கும் அந்தக் காற்றும் அவன் தோளில் தொங்கிய பைக்குள் அடங்கி மீஞ்சூர் நோக்கி ஏக, தொண்ணூற்றொன்பது இறகுகளின் தலைவனும், பத்து டன் லாரிகளால் கடலுக்குப் பாலம் சமைத்தவனும், நீரறிந்தமையாலேயே நீரில் மாண்டவனுமாகிய மாவீரன் நாகமுத்து, வெறுந்திரையை ஒருமுறை நோக்கி, அடுக்களையை ஒருமுறை நோக்கி, அரியணையை விட்டு எழுந்து, அவிழ்ந்த லுங்கியை இறுக்கிக் கட்டினான்.

அப்புறம் காலிக் கேனை எடுத்துக்கொண்டு தண்ணீர் வாங்கக் கீழே போனான்.